ஒரு பானை பீன்ஸ், ஒரு சட்டி கார்ன்பிரெட்: அமெரிக்கத் தெற்கின் எளிய வீட்டுச் சாப்பாடு செய்வது எப்படி

டென்னசி, கென்டக்கி, அலபாமா, ஜார்ஜியா பக்கத்தில் எளிய குடும்பத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் சின்ன வயதுச் சாப்பாடு பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கோழி வறுவலும் பார்பிக்யூவும் ஞாயிற்றுக்கிழமைக் கதைகள். மற்ற நாட்களின் கதை பெரும்பாலும் ஒரு பானை பின்டோ பீன்ஸ் (புள்ளி போட்ட ராஜ்மா வகை), இரும்புச் சட்டியில் சுட்ட கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள மாவு ரொட்டி, பக்கத்தில் நறுக்கிய பச்சை வெங்காயம். சம்பளம் வர இரண்டு நாள் இருக்கிறது என்றால் அதுவே மதியத்துக்கும் ராத்திரிக்கும்.

அந்தச் சாப்பாட்டை நம் வீட்டில் செய்வதற்கான வழிகாட்டி இது. அட்லாண்டாவுக்கோ டல்லாஸுக்கோ படிக்கப் போய் கையில் காசு இறுக்கமாக இருப்பவர்களும் செய்யலாம், மதுரையில் குக்கரும் தோசைக்கல்லும் மட்டும் வைத்திருப்பவர்களும் செய்யலாம். நுட்பம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நமக்குக் கஷ்டமான இடம் ஒன்றுதான்: அஞ்சறைப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது. பீன்ஸ் வெந்ததும் கை தானாகச் சீரகத்துக்கும் மல்லித்தூளுக்கும் போகும். போட்டால் நல்ல ராஜ்மா கறி கிடைக்கும், அதில் தப்பில்லை, ஆனால் நாம் செய்ய வந்தது அது இல்லை. இங்கே ருசி தருபவை உப்பு, கொழுப்பு, கொஞ்சம் புகை வாசம், நிறைய நேரம். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பீன்ஸ் என்பதற்குக் காரணம் எளிது. பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழுதவர்கள், பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள், அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரி வெட்டியவர்கள் இவர்களுக்கெல்லாம் உலர்ந்த பீன்ஸ் மலிவாகக் கிடைத்தது, மாதக்கணக்கில் கெடாமலும் இருந்தது. 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. குளிர்பெட்டி எங்கே வரும்? விறகடுப்பு எப்படியும் எரிந்துகொண்டிருக்கும், அதன் பின்பக்கம் ஒரு பானையை ஏற்றி வைத்தால் வேலை முடிந்து வருவதற்குள் சாப்பாடு தயார்.

மக்காச்சோள மாவோ அந்த வீடுகளில் பணத்துக்குச் சமம். பாடகி டாலி பார்ட்டன் 1946-ல் டென்னசி மலையில் பிறந்தபோது, பிரசவம் பார்த்த மருத்துவருக்கு அவருடைய அப்பா கூலியாகக் கொடுத்தது ஒரு மூட்டை மக்காச்சோள மாவு என்பது அவரே பலமுறை சொன்ன கதை. ஆனால் அந்த மாவையும் உப்புக் கொழுப்பையும் வெல்லப்பாகையும் மட்டும் நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் பிடித்தது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, புத்திக் குழப்பம், கடைசியில் சாவு. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் சத்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று காட்டியவர் அரசாங்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர். 1914-ல் தொடங்கி மிசிசிப்பியின் அநாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சியோடு பயறு வகைகளையும் கூட்டிக் கொடுத்தார், நோய் அடங்கியது. கார்ன்பிரெட்டுக்குப் பக்கத்தில் பீன்ஸ் பானை இருந்த வீடும் இல்லாத வீடும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். இந்தச் சாப்பாட்டை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் பலருக்கும் அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும்.

சரி, சமையலுக்கு வருவோம்.

என்ன வாங்குவது

அமெரிக்காவில் இருந்தால் எந்த மளிகைக் கடையிலும் ஒரு பவுண்டு பாக்கெட் உலர் பின்டோ கிடைக்கும். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம், ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். டின்னில் அடைத்த வெந்த பீன்ஸை இந்தச் சமையலுக்கு வாங்காதீர்கள். இங்கே பாதி ருசி வெந்த நீரில் இருக்கிறது, டின்னில் இருக்கும் வழவழப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தமிழ்நாட்டில் பின்டோ என்று கேட்டால் பெரிய கடைகளில் மட்டும்தான் கிடைக்கும். புள்ளி போட்ட வெளிர் நிற சித்ரா ராஜ்மா அதற்கு நெருங்கிய சொந்தம், அதை வாங்கிக்கொள்ளலாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது பழசா புதுசா என்பது. கடை மூலையில் வருஷக்கணக்கில் கிடந்த பீன்ஸ் நாலு மணி நேரம் கொதித்தாலும் கல் மாதிரி நிற்கும். விற்பனை வேகமாக நடக்கும் கடையில் வாங்குங்கள். தோல் சுருங்கியோ உடைசல் அதிகமாகவோ இருந்தால் வேண்டாம்.

அடுத்தது கறி. அங்கே பானையில் ஒரு துண்டு பன்றிக்கறி போடாமல் பீன்ஸ் வைப்பது அபூர்வம். ஹாம் ஹாக் எனப்படும் புகையூட்டிய கணுக்கால் துண்டு, உப்பில் பதப்படுத்திய முதுகுக் கொழுப்பு, இரண்டு துண்டு பேக்கன், இவற்றில் ஏதோ ஒன்று. அது சாப்பிடுவதற்கான கறி என்பதைவிட, பானைக்கு வாசமும் உப்பும் பசையும் தருவதற்கான துண்டு. காசில்லாதவர்கள் பேக்கன் வறுத்த கொழுப்பை ஒரு டப்பாவில் வடித்து அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், அதில் ஒரு கரண்டி போதும். பன்றி சாப்பிடாதவர்களுக்குப் புகையூட்டிய வான்கோழிக் கால் நன்றாகவே பொருந்தும், இப்போது தெற்கிலேயே பல வீடுகளில் அதுதான். ஆட்டு உப்புக்கண்டம் கைவசம் இருந்தால் இரண்டு துண்டு போட்டுப் பார்க்கலாம். புகை வாசம் வராது, ஆனால் சாறு கனமாக வரும்.

சைவம் என்றால் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தை நல்ல பழுப்பு நிறம் வரும்வரை வதக்கி, அதில் ஒரு டீஸ்பூன் ஸ்மோக்டு பாப்ரிக்கா, அதாவது புகையூட்டிய மிளகாய்த்தூள், சேர்த்து பானையில் கொட்டுங்கள். கொழுப்பு மட்டும் கட்டாயம் வேண்டும். எண்ணெய் குறைத்து ஆரோக்கியமாகச் செய்கிறேன் என்று இறங்கினால் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் வரும்.

முதல் பானை: பின்டோ

முந்தின நாள் ராத்திரி 450 கிராம் பீன்ஸைத் தட்டில் பரப்பிக் கல், மண்கட்டி, சொத்தை பொறுக்குங்கள். பாக்கெட்டில் வந்தாலும் பொறுக்க வேண்டும், கல் எப்படியும் ஒன்று இருக்கும். கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்புக் கரைத்து ஊறப்போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறினால் பீன்ஸ் வேகாது என்று நம் ஊரிலும் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். நேர்மாறுதான் உண்மை: உப்பு தோலை இளக்கும், வேகும்போது வெடிப்பதும் குறையும். எட்டு மணி நேரம் போதும். கோடைக் காலத்தில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், அதனால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மறந்துவிட்டீர்களா? பீன்ஸைத் தண்ணீரோடு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து மூடி ஒரு மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய ஊறின மாதிரிதான்.

காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போகும். அடிகனமான பானையில் பீன்ஸைப் போட்டு, அதற்குமேல் இரண்டு அங்குலம் நிற்கும் அளவு புதுத் தண்ணீர் ஊற்றி, கறித் துண்டும் பாதி வெங்காயமும் போடுங்கள். நன்றாகக் கொதி வந்ததும் பத்து நிமிடம் அப்படியே தளதளவென்று கொதிக்கட்டும். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவில் வைத்து, மூடியைச் சற்றே விலக்கி மூடுங்கள்.

இனி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் அது பாட்டுக்கு வேகும். அடிக்கடி கிண்டாதீர்கள், தோல் கிழிந்து குழையும். தண்ணீர் குறைந்து பீன்ஸ் தலை தெரிந்தால் கொதிக்கும் தண்ணீர் சேருங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி நேரம் இழுக்கும். தக்காளி, வினிகர், புளிப்பு எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், அமிலம் பட்டால் தோல் இறுகும். உங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீராக இருந்தாலும் வேக மறுக்கும். குடிக்க வாங்கும் தண்ணீரையே ஊற்றுங்கள், அல்லது கால் டீஸ்பூனுக்கும் குறைவாகச் சமையல் சோடா சேருங்கள். அதிகமானால் சோப்பு வாடை அடிக்கும்.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை மட்டும் எடுத்து நசுக்குவது போதாது. பானையின் வெவ்வேறு இடத்திலிருந்து நாலைந்து எடுத்துத் தின்று பாருங்கள், எல்லாமே நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் கரைய வேண்டும். கரண்டியில் இரண்டு எடுத்து ஊதினால் தோல் சுருண்டு எழுவது பழைய கைக்காரர்களின் சோதனை. அது வேக ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம், இறக்கலாம் என்பதற்கு இல்லை.

உப்பை இப்போது பாருங்கள். கறித் துண்டு எவ்வளவு உப்பு விட்டிருக்கிறது என்று தெரியாமல் முதலிலேயே போட்டால் மீட்க முடியாது.

அடுத்து வருவதுதான் இந்தச் சாப்பாட்டின் உயிர், அவசரக்காரர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். மூடியை முழுக்கத் திறந்துவிட்டு, ஒரு பெரிய கரண்டி பீன்ஸைப் பானையின் ஓரத்தில் வைத்து மசித்து உள்ளேயே கலக்குங்கள். இன்னும் இருபது, முப்பது நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். தண்ணீராக இருந்தது பால் கலந்த மாதிரி கெட்டியாகி, கரண்டியின் முதுகில் ஒட்டும். ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆற ஆற இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள். அப்பலாச்சிய மலைப்பக்கத்தில் இதைச் சூப் பீன்ஸ் என்றே சொல்வார்கள், அந்தச் சாறு இல்லாமல் தட்டு வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

குக்கரில் செய்யலாமா? செய்யலாம், காஸ் மிச்சம். ஊறின பீன்ஸைக் குக்கரில் பாதிக்கு மேல் போகாமல் தண்ணீரோடு வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். ஆனால் திறந்த பிறகு அந்தக் கடைசி அரை மணி நேரம் மசித்துக் கொதிக்க விடுவதை விட்டுவிடாதீர்கள். குக்கரிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த பீன்ஸ் வெந்திருக்கும், சாறு மட்டும் வெறும் தண்ணீராக நிற்கும்.

கார்ன்பிரெட்

முதலில் மாவு. நம் ஊரில் கார்ன் ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளைத் தூள் வெறும் ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. அதில் இதைச் செய்தால் பசைதான் கிடைக்கும். நமக்கு வேண்டியது மக்காச்சோளத்தை அரைத்த மாவு, மெல்லிய ரவை பதத்தில். வட இந்தியப் பொருட்கள் விற்கும் கடையில் மக்கி ஆட்டா என்று கேளுங்கள். அமெரிக்காவில் வெள்ளைக் கார்ன்மீல் கிடைத்தால் அதையே எடுங்கள், தெற்கில் பலருக்கு அதுதான் உசத்தி.

பத்து அங்குல இரும்புச் சட்டிக்கு இரண்டு கப் மாவு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு முட்டை, ஒன்றே முக்கால் கப் பட்டர்மில்க். அமெரிக்கக் கடைப் பட்டர்மில்க் நம் மோர் மாதிரி நீர்த்து இருக்காது. நம் ஊரில் புளித்த கெட்டித் தயிர் முக்கால் பங்கு, பால் கால் பங்கு கலந்தால் சரியாக வரும்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். காலிச் சட்டியில் மூன்று மேசைக்கரண்டி கொழுப்போ எண்ணெயோ ஊற்றி அதையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு வெளியே எடுத்து, பாதி எண்ணெயைக் கலவையில் ஊற்றிக் கிளறி, கலவையைச் சட்டியில் கொட்டுங்கள். சுர்ர் என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் சட்டி காயவில்லை, அடியில் மொறுமொறுப்பு கிடைக்காது. 20 முதல் 25 நிமிடத்தில் மேலே பொன்னிறமாகும், தட்டில் கவிழ்த்தால் அடிப்பக்கம் தேன் நிறத்தில் இருக்கும். இரும்புச் சட்டி இல்லாமல் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1896 முதல் லாட்ஜ் கம்பெனி இரும்புச் சட்டி வார்க்கிறது. அதே ஊரில்தான் வருஷா வருஷம் கார்ன்பிரெட் திருவிழாவும் நடக்கிறது, அதில் ஆச்சரியமில்லை.

சர்க்கரை போடலாமா என்று கேட்டால் அங்கே சண்டை வரும். பலர் வீட்டில் ஒரு துளிகூடக் கிடையாது, இனித்தால் அது கேக் என்பார்கள். பீன்ஸோடு சாப்பிடுவதாக இருந்தால் நானும் அந்தப் பக்கம்தான்.

ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஏழை வீடுகளில் செய்த இன்னொரு வகை இருக்கிறது: சுடுதண்ணீர் கார்ன்பிரெட். முட்டை, மோர், சோடா எதுவுமே வேண்டாம். இரண்டு கப் மாவில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஒன்றேகால் கப் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உதிரியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் தெளியுங்கள். கையை நனைத்து மசால் வடை மாதிரி தட்டி, சட்டியில் கால் அங்குல எண்ணெயில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் பொரியுங்கள். வெளியே கரகரப்பு, உள்ளே மெத்து. ஆறினால் வறண்டுவிடும், சூடாகவே சாப்பிட வேண்டும்.

தட்டில் எப்படி வைப்பது

குழிவான தட்டில் பீன்ஸும் சாறும், ஓரத்தில் ஒரு துண்டு கார்ன்பிரெட், மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம். வெங்காயத்தை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இவ்வளவு மெத்தென்று இருக்கும் சாப்பாட்டில் கடிபட அது ஒன்றுதான் இருக்கிறது. கோடைக்காலம் என்றால் தக்காளி வில்லைகள், கூடவே வறுத்த உருளைக்கிழங்கு. பச்சை மிளகாய் ஊறின வினிகர் ஒரு புட்டியில் மேஜையிலேயே இருக்கும், இரண்டு சொட்டு விட்டால் முழுத் தட்டும் விழித்துக்கொள்ளும். ஒரு சின்னப் புட்டியில் ஊசி மிளகாயை அடைத்துக் கொதித்த வினிகரை ஊற்றி ஒரு வாரம் விட்டால் அது தயார்.

கார்ன்பிரெட்டைச் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவதா, உதிர்த்துப் போட்டுப் பிசைவதா? 1931-ல் லூசியானா ஆளுநர் ஹியூ லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் பத்திரிகை ஆசிரியர் ஜூலியன் ஹாரிஸுக்கும் இதைப் பற்றிப் பத்திரிகையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கீரை வெந்த சாற்றைப் பற்றிய சண்டை அது. லாங் தொட்டுக்கொள்ளும் கட்சி, ஹாரிஸ் உதிர்க்கும் கட்சி. பீன்ஸ் சாற்றுக்கும் அதே கேள்விதான். பிசைந்து சாப்பிட்டு வளர்ந்த நமக்குப் பதில் சொல்லித் தர வேண்டியதில்லை.

சௌசௌ என்ற ஊறுகாயும் உண்டு. நம் காய் சௌசௌ இல்லை. முட்டைக்கோஸ், பச்சைத் தக்காளி, குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் நறுக்கி இனிப்பும் புளிப்புமாகச் செய்வது. சுருக்கமாகச் செய்ய, இரண்டு கப் நறுக்கிய காய்களில் ஒரு டீஸ்பூன் உப்புப் பிசறி ஒரு மணி நேரம் கழித்துப் பிழியுங்கள். அரை கப் வினிகர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் கடுகு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கொதிக்க வைத்து அதில் ஊற்றுங்கள். ஆம், இந்த ஒரு இடத்தில் அஞ்சறைப் பெட்டியைத் திறக்க அனுமதி உண்டு. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

காராமணிக்கு வேறு கணக்கு

அமெரிக்கத் தெற்கில் பிளாக் ஐடு பீஸ் என்று கொண்டாடுவது நம் வெள்ளைக் காராமணியைத்தான், தட்டைப்பயறு என்று தென்மாவட்டங்களில் சொல்வது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்குப் போன பயறு அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை கால்நடைத் தீவனம் என்று நினைத்து விட்டுப்போனதால்தான் தெற்கத்திக்காரர்கள் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. போருக்கு வெகுகாலம் முன்பே கறுப்பின மக்களின் பானையில் அது வெந்துகொண்டிருந்தது.

ஊறவைக்கத் தேவையில்லை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். புத்தாண்டு அன்று அரிசியோடு சேர்த்து ஹாப்பின் ஜான் செய்வார்கள். பயறு காசு, கீரை நோட்டு, கார்ன்பிரெட் தங்கம் என்று கணக்கு, சாப்பிட்டால் வருஷம் முழுக்கப் பணம் சேருமாம். கடலோரத் தென் கரோலினா அரிசி விளைந்த மண், அங்கே இதன் மதிப்பே தனி.

செய்முறை: இரண்டு துண்டு பேக்கனையோ இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயையோ உருக்கி ஒரு வெங்காயம் வதக்குங்கள். ஒரு கப் காராமணி, அரை டீஸ்பூன் கொரகொரப்பான மிளகாய்த்தூள், ஐந்து கப் தண்ணீர். குழையாமல் முக்கால் பதம் வெந்ததும் சாற்றை வடித்து அளந்து பாருங்கள். ஒரு கப் நீள அரிசிக்கு இரண்டு கப் சாறு வேண்டும், குறைந்தால் தண்ணீர் கலந்து நிரவுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து உப்புப் போட்டு மூடி, மிகக் குறைந்த தீயில் 18 நிமிடம், அணைத்த பிறகு பத்து நிமிடம். சோறு பயற்றின் நிறத்தை வாங்கிக்கொண்டு உதிரியாக வரும். பக்கத்துக்குக் கொலார்ட் கீரை கிடைக்காத ஊரில் முட்டைக்கோஸை வெண்ணெயில் வதக்கி வையுங்கள், தெற்கிலும் பல வீடுகளில் அதுவே வழக்கம்.

திங்கட்கிழமைச் சிவப்பு பீன்ஸ்

நியூ ஆர்லியன்ஸில் அந்தக் காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட ஹாமின் எலும்பைச் சிவப்பு பீன்ஸோடு பானையில் போட்டுவிட்டு, துவைத்து முடிப்பதற்குள் வேகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஊரில் வறுமையில் வளர்ந்த ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் உலகப் புகழ் பெற்ற பிறகும் கடிதங்களில் ‘ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்’ என்றுதான் கையெழுத்துப் போடுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்பானை) ஊறின பீன்ஸை நேராகப் போட்டுவிட்டு வேலைக்குப் போகவே கூடாது, அதன் சூடு அந்த நஞ்சை அழிக்கப் போதாமல் போகலாம். பின்டோவுக்குப் பத்து நிமிடக் கொதி சொன்னதும் இதனால்தான், அதில் நஞ்சு குறைவு.

எண்ணெயில் இரண்டு வெங்காயம், ஒரு குடைமிளகாய், இரண்டு தண்டு செலரி, நாலு பல் பூண்டு வதக்குங்கள். கொதித்த 450 கிராம் பீன்ஸ், எலும்பு அல்லது காரமான சாஸேஜ் துண்டுகள், அரை டீஸ்பூன் காய்ந்த தைம், காரத்துக்கு மிளகாய்த்தூள், பீன்ஸுக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர். பே லீஃப் கேட்பார்கள், நம் பிரியாணி இலை வேறு, பட்டை வாசம் அடிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் மெல்ல வெந்த பிறகு மூன்றில் ஒரு பங்கை மசித்து, களி மாதிரி இறுகும் முன் இறக்கி, வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றுங்கள். மேலே வெங்காயத்தாள்.

இன்னும் இரண்டு வகை

பட்டர் பீன்ஸ் என்பது லைமா பீன்ஸ்தான், நம் காய்கறிக் கடையில் டபுள் பீன்ஸ் என்று உரித்து விற்பதும் அந்த இனம்தான். பச்சையாகக் கிடைக்கும்போது செய்தால் இவ்வளவு சுலபமான சாப்பாடு வேறு இல்லை. தண்ணீர், உப்பு, ஒரு துண்டு வெண்ணெய், நிறைய மிளகு, மூடாமல் முப்பது நாற்பது நிமிடம். அதுவாகவே குழைந்து சாறு கெட்டியாகும். தொடக்கக்காரர்கள் பின்டோவுக்கு முன்பே இதைச் செய்து பார்க்கலாம்.

மலைப்பக்கத்தில் பச்சை பீன்ஸை ஊசி நூலில் கோத்து வெயிலில் தொங்கவிட்டு வற்றலாக்குவார்கள், லெதர் பிரிட்சஸ் என்று பெயர். குளிர்காலத்தில் ஊறவைத்துக் கறித் துண்டோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். செய்து பார்க்க நினைத்தால் நார் உரித்த முற்றல் பீன்ஸாக எடுங்கள், கடையில் கிடைக்கும் பிஞ்சு ரகம் காய்ந்தால் ஒன்றுமில்லாமல் போகும்.

மிச்சம் வந்தால்

வரும், ஒரு பவுண்டு பீன்ஸ் எளிதில் தீராது. மறுநாள் பானையில் இறுகிக் கிடக்கும் பீன்ஸில் தண்ணீர் ஊற்றிச் சுடவைக்கலாம், முதல் நாளைவிட ருசியாகவே இருக்கும். மூன்றாம் நாள் பீன்ஸ் அடை செய்யுங்கள்: சாற்றை நன்றாக வடித்த இரண்டு கப் பீன்ஸை மசித்து, ஒரு முட்டை, பொடியாக நறுக்கிய பாதி வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவு, மிளகு சேர்த்துத் தட்டி, இருபுறமும் மாவில் புரட்டிச் சட்டியில் சிவக்கப் பொரியுங்கள். ஒட்டினால் இன்னொரு கரண்டி மாவு. பஞ்ச காலத்தில் குளிர்ந்த பீன்ஸை இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். மயோனீஸும் வெங்காயமும் சேர்த்தால் அதுகூட மோசமில்லை.

மிச்சக் கார்ன்பிரெட்டை ஒரு உயரமான டம்ளரில் உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த பட்டர்மில்க் ஊற்றி, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள். பலருக்கு ராத்திரிச் சாப்பாடே அதுதான். உப்பும் மிளகும் தூவிக்கொள்ளலாம்.

வெந்த பீன்ஸ் குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஆறியதும் சாற்றோடு சேர்த்து டப்பாக்களில் பிரித்து உறையவையுங்கள், சாறு பீன்ஸை மூடி நிற்கட்டும், இல்லையென்றால் மேலே இருப்பது வறண்டு தோல் கெட்டியாகிவிடும். டப்பாவில் ஒரு விரல் இடம் விடுங்கள், உறையும்போது உப்பும். கீரை, வெங்காயம், வினிகர் எதையும் முன்கூட்டிக் கலக்காமல், சூடாக்கித் தட்டில் போட்ட பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.